உதாரணத்துக்கு ஒரு பெட்டி

பி.காம். படித்தவன் கம்ப்யூட்டர் கையேடு எழுதலாமா? எழுதினேன். மளிகைக் கடைகளுக்கான ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தமிழில் யூஸர் கைடு, 40 பக்கம். செக் வந்தது. அடுத்த வாரம் போனும் வந்தது.

"புக்கு எழுதினது நீங்கதானே ஸார்? கொஞ்சம் கடைப்பக்கம் வந்துட்டுப் போங்க."

போனேன். கல்லாவில் முதலாளி. பக்கத்தில் இருபது வயசுப் பையன். முதல் வேலை. அழாத குறை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் மூன்று நாளாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டுத் தள்ளியிருக்கிறான். போட வேண்டியது 5. பில்லை வரிவரியாகப் படிக்கிற மாமி ஒருத்தரிடம் மாட்டிக்கொண்டான். திருப்பித் தரவேண்டிய பணத்தை அவன் சம்பளத்தில்தான் பிடிப்பேன் என்று முதலாளி கறாராக நின்றார்.

பையன் என் புத்தகத்தில் 12-ம் பக்கத்தைக் காட்டினான். '18 என அடித்து என்டர் தட்டவும்' என்று முதல் வரி. புரட்டினால், 11-ம் பக்கத்தின் கடைசியில் தனியாக, பாவமாக, 'உதாரணமாக' என்றொரு வார்த்தை.

"நீங்க சொன்னபடிதான் ஸார் அடிச்சேன்."

கல்லூரியில் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் படித்தவன் நான். அதில் சட்டம் தனி. கீழே தலைப்புப் போட்டு உதாரணம் தனி. ஏ என்பவர் பி-க்கு வீட்டை விற்கக் கடிதம் போடுவார். அந்த வீட்டை வாங்க யாரும் ஓடியதில்லை. பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தில்கூட 'எ-டு' தனி வரி. வெள்ளைக்காரனுக்கும் தமிழ் வாத்தியாருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"தப்பு என்னுது. அந்தப் பணத்தை நான் தர்றேன்" என்றேன். முதலாளி உடனே சரி என்றார். ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம்.

ராத்திரியே உட்கார்ந்தேன். பத்திகளுக்குள் கிடந்த உதாரணங்களைப் பிடுங்கிச் சாம்பல் நிறப் பெட்டிகளில் போட்டேன். திரையில் ஜோராக இருந்தது. ஆனால் கடைகளில் புழங்குவது ஜெராக்ஸ் காப்பி! அதில் பெட்டி கரிச்சட்டி ஆகிவிட்டது. நிறத்தை விட்டேன். இடது ஓரத்தில் தடியாக ஒரு கோடு, இரண்டு விரல் உள்ளே தள்ளி வரிகள், மேலே கொட்டை எழுத்தில் 'உதாரணம்'. பக்கம் மாறும்போது பெட்டி உடையாமல் இருக்கவும் வழி செய்தேன். அடிக்க வேண்டியதை மட்டும் டைப்ரைட்டர் எழுத்தில், எல்லாம் ஒரே அகலத்தில் வைத்தேன். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடம். பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா என்று குழம்பினால் தீர்ந்தது. அதனால் பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு விழுகிற எழுத்தாகத் தேடி எடுத்தேன். வெறும் எண் இருந்தால்தானே வம்பு? 'மஞ்சள்தூள் - 5' என்று பொருளையும் சேர்த்தேன்.

மறுநாள் பையனிடம் நீட்டினேன். உற்றுப் பார்த்தான்.

"இதை அடிக்கணுமா, வேணாமா?" என்றேன்.

"கோட்டுக்கு உள்ளே இருக்கே ஸார். நம்ம சரக்கைப் பார்த்துத்தான் அடிக்கணும்."

இப்போது எந்தக் கையேடு எழுதினாலும் முதல் பிரதி அவனுக்குத்தான் போகிறது. காபிச் செலவு என்னுடையது.