உப்புக்காற்றும் உருப்பெருக்கியும்

பழம்பொருளைப் பேணுதல் இருவகைப்படும். பேழையுள் வைத்துப் போற்றுதல் ஒன்று. தொழிற்படுத்தி உயிரோடு வைத்திருத்தல் மற்றொன்று. இருட்டறையில் படம் பெருக்க உதவும் உருப்பெருக்கி இரண்டாம் வகைக்கே உரியது என்பது என் துணிபு.

வேலணையில் என் அம்மான் விட்டுச்சென்ற உருப்பெருக்கி ஒன்றை நான் பேணி வருகிறேன். அதன் அமைப்பு எளியது. உச்சியில் மின்குமிழ், அதன்கீழ் ஒளியைத் திரட்டும் இரு குவிவு வில்லைகள், அடுத்து நெகற்றிவைத் தாங்கும் சட்டம், அதற்கும் கீழே, அடிப்பலகையிலுள்ள தாளில் விம்பத்தை வீழ்த்தும் வில்லை. தலையை உயர்த்த உயர்த்தப் படம் பெரிதாகும், ஒளியோ மெலியும். வில்லைக்கும் தாளுக்கும் இடையிலான தூரம் இருமடங்காயின், ஒளியூட்டும் நேரம் நான்கு மடங்காக வேண்டும்.

தீவகத்தில் இக்கருவிக்கு முதற்பகை உப்புக்காற்று. திருகுகளில் துருவேறும். மாரிக்காலத்து ஈரத்தில் வில்லையினுள் பூஞ்சணம் சிலந்திநூல்போற் படரும். ஆதலால் வேலை முடிந்ததும் வில்லையைக் கழற்றி, சிலிக்கா ஜெல் இட்ட புட்டியில் அடைத்து வைப்பேன். சட்டம், வில்லைப்பலகை, அடிப்பலகை ஆகிய மூன்றும் சமாந்தரமாய் நிற்கின்றனவா என்று இரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். அவை பிசகினால் படத்தின் ஒருபுறம் தெளிந்து மறுபுறம் மங்கும்.

கெடுக்கும் கடலே துணையும் செய்வதுண்டு. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ தாளில் எஞ்சினால், காலப்போக்கில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். அதனை நீக்க நெடுநேரம் கழுவுதல் வேண்டும். நன்னீர் அரிதான தீவுகளில் இதற்கு எங்கே போவது? கடல்நீர் ஹைப்போவை நன்னீரினும் விரைவாக வெளியேற்றும். பின்னர் சில நிமிடம் நன்னீரில் அலசி உப்பைப் போக்கினால் போதும். அம்மான் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். நான் நூல்களில் பின்னரே படித்தேன்.

1990களின் தொடக்கத்தில் தீவகத்தவர் பலர் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தனர். சுவரில் தொங்கிய படங்கள் பல அழிந்தன. கையோடு கொண்டுசென்ற பெட்டிகளில் சில நெகற்றிவ்கள் தப்பின. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அத்தகைய நெகற்றிவ் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். கணவரின் படமாக அவரிடம் எஞ்சியது அது ஒன்றே.

“தம்பி, இதிலை அவர் சிரிக்கிறாரோ?” என்று கேட்டார்.

இருளும் ஒளியும் இடம்மாறிய நெகற்றிவில் முகக்குறிப்பை எவ்வாறு அறிவது? சிவப்பொளியில், மருந்தினுள் கிடந்த தாளில் முகம் மெல்ல எழுந்தது. சிரிப்பன்று, வெயிலுக்குக் கூசிய கண்கள்.

“ஓம், அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது” என்றார் அவர். பின்னர் நெடுநேரம் பேசவில்லை.

இன்று நெகற்றிவை மின்பிரதியாக்குதல் எளிது. அதனையும் நான் செய்து வருகிறேன். எம்முறையில் படமெடுப்பினும், மூலம் அழிந்தபின் செய்யத்தக்கது எதுவுமில்லை. தீவகத்து வீடுகளில் இன்னும் எத்தனையோ தகரப் பெட்டிகள் திறவாது கிடக்கின்றன. விடுமுறையில் ஊர்செல்லும் மாணவர் அவற்றைத் தேடி, நெகற்றிவ்களை ஈரம்படாத இடத்தில் வைத்தல் வேண்டும். படத்திலிருப்பவர் யாரென்று முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுதலும் வேண்டும். உருப்பெருக்கி முகத்தை மீட்டுத் தரும். பெயரை அவர்களே தரவேண்டும்.