யார்க் நகரில் இரண்டு இரவுகள்

பழைய ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு ஆசைகள். ஊர் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். தங்கும் அறை மட்டும் போன வருஷம் கட்டியது போல இருக்க வேண்டும்! வெந்நீர் நிற்காமல் வர வேண்டும், மெத்தை மெத்தென்று இருக்க வேண்டும், லிப்ட் ஓட வேண்டும்... இந்த இரண்டு ஆசைகளும் ஒரே கட்டடத்துக்குள் சேர்ந்து வாழ்வது கஷ்டம். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் யார்க் நகரத்தில் ஹோட்டல் தேடுகிற எவருக்கும் இது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

லண்டனில் வேலை பார்க்கும் ஒரு மகளுக்கும் அப்படித்தான் புரிந்தது. அவளுடைய அம்மா ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. ரோமானியப் பேரரசை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதி அழித்தவர். கான்ஸ்டன்டைனைச் சக்கரவர்த்தி என்று படைவீரர்கள் அறிவித்தது யார்க்கில்தான், 306ஆம் ஆண்டில் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் அந்த ஊரைப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கலாம் என்றால் இரண்டு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. ஒரு மாடி ஏறினால் அரை மணி உட்கார வேண்டும். அடுத்த வருஷம் எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? அதனால் இந்த ஏப்ரலில் போயே ஆக வேண்டும், இரண்டு இரவு தங்க வேண்டும் என்று முடிவானது.

மகள் முதலில் பிடித்து வைத்த அறை படத்தில் அபாரமாக இருந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே சாய்வான சுவர்கள், கருத்த மர உத்தரங்கள், சின்ன ஜன்னலில் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரம். பணம் கட்டப் போகும் நேரத்தில் அம்மா கேட்டார்: "அது சரிம்மா, அந்த ஜன்னலுக்கு எத்தனை படி ஏறணும்?"

அந்த ஒரு கேள்வியில் தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

வசதியான ஹோட்டல் என்றால் பொதுவாக நட்சத்திரத்தை எண்ணுவார்கள். யார்க் போன்ற ஊரில் நட்சத்திரத்தை எண்ணுவதைவிடப் படியை எண்ணுவது முக்கியம். காரணம் சோம்பேறித்தனமோ பண ஆசையோ அல்ல, சட்டம். இங்கிலாந்தில் பழமையான கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றுகிற எந்த வேலைக்கும் தனி அனுமதி வேண்டும். நானூறு வருஷத்து மரப் படிக்கட்டை இடித்துவிட்டு லிப்ட் வைப்பது நடக்கிற காரியமா? இன்னொரு பக்கம் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து கொடு என்று ஹோட்டல்காரரிடம் சொல்கிறது. ஒரு சட்டம் தொடாதே என்கிறது, இன்னொன்று மாற்று என்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் முழங்கால் வலிக்காரர் தன் பெட்டியோடு நிற்கிறார்.

ஆக, யார்க்கில் அறை தேட வேண்டுமென்றால் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்காக அல்ல, நிம்மதியாகத் தூங்குவதற்காக!

முதலில் முகவரி. கி.பி. 71இல் ரோமானியர் கோட்டை கட்டி எபோராகம் என்று பெயர் வைத்த ஊர் இது. 866இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் தெருவுக்கு 'காட்டா' என்று பெயர். அதனால்தான் இன்றைக்கும் ஸ்டோன்கேட், மிக்கிள்கேட், காப்பர்கேட் என்று தெருப்பெயர்கள். இவை எதுவும் வாசல் அல்ல. உண்மையான கோட்டை வாசல்களுக்கு 'பார்' என்று பெயர்: பூதம் பார், மங்க் பார், வாம்கேட் பார், மிக்கிள்கேட் பார். 'பார் பக்கத்தில் ஹோட்டல்' என்றதும் மதுக்கடை என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம், ஆசையோடு ஓடவும் வேண்டாம்.

இதில் வேடிக்கை, மிக்கிள்கேட்டில் மட்டும் இரண்டும் உண்டு. வைக்கிங் மொழியில் 'பெரிய தெரு' என்று பொருள்படும் அந்தத் தெரு நெடுக மதுக்கடைகள். கல்யாணத்துக்கு முன்பு நண்பர் கூட்டத்தோடு குடித்துக் கும்மாளமடிக்க வடக்கு இங்கிலாந்தில் பலர் வருவது யார்க்குக்குத்தான். வெள்ளி, சனி இரவுகளில் தெருப்பக்க ஜன்னல் உள்ள அறை எடுத்தால், எவ்வளவு நல்ல மெத்தையாக இருந்தாலும் பயனில்லை. மகள் நாளை மாற்றினாள். ஞாயிறும் திங்களும் தங்குவது, செவ்வாய் மாலை ரயிலில் திரும்புவது. கூட்டம் குறைவு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஆகஸ்டில் ஈபோர் குதிரைப் பந்தயம் நடக்கும் நாட்களிலும், கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் வாரங்களிலும் வாரநாள் தந்திரம்கூட எடுபடாது.

அடுத்தது ஆறு. ஊஸ் நதி ஊருக்கு நடுவே ஓடுகிறது. கரையோர அறையின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஊஸ் நல்ல பிள்ளை அல்ல. 2000 நவம்பரில் வழக்கமான கோடை மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பரில் கிளை நதியான பாஸின் வெள்ளத்தடுப்பு மதகு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, மதகைத் தூக்க வேண்டியதாகி, நூற்றுக்கணக்கான வீடுகள் மூழ்கின. கரையில் இருக்கும் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையில் எந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் குறித்தே வைத்திருக்கிறார்கள். கோடையில் கரையோரம் சொர்க்கம்தான். குளிர்காலத்தில் அறையைப் பிடிக்கும்போது, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது ரயில். முதல் நிரந்தர ரயில் நிலையத்தை 1841இல் கோட்டைச் சுவரைக் குடைந்து உள்ளேயே கட்டினார்கள். ரயில் பெருகியதும் இடம் போதவில்லை. இப்போதைய நிலையத்தைச் சுவருக்கு வெளியே 1877இல் திறந்தார்கள். மறு வருஷமே பக்கத்தில் பெரிய ஹோட்டலும் வந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வரும் ரயில் சுமார் இரண்டு மணி நேரத்தில் இங்கே இறக்கிவிடும். நிலையத்திலிருந்து மின்ஸ்டருக்கு லெண்டல் பாலம் வழியாக நல்ல காலுள்ளவருக்குப் பதினைந்து நிமிஷ நடை. பழைய சந்துக்குள் இருக்கும் வீடு, படமெடுக்க அழகு. ரயில் காலத்தில் பெட்டி படுக்கையோடு வந்தவர்களுக்காகக் கட்டிய கட்டடமோ அகலமானது. அழகா அகலமா என்று கேட்டால் அம்மாவின் பதிலில் சந்தேகமே இல்லை.

நான்காவது டாக்ஸி. இது படத்தில் தெரியாத விஷயம். நகரின் நடுவே பல தெருக்களில் பகல் நேரத்தில் வண்டி வரக்கூடாது. நடப்பவர்களுக்கு அது பெரிய சுகம். நடக்க முடியாதவர்களுக்கு? உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வழங்கப்படும் 'புளூ பேட்ஜ்' அட்டை இருந்தால் முன்பு இந்தத் தெருக்களில் சிலவற்றுக்குள் வண்டியைக் கொண்டுபோகலாம். கொரோனா காலத்தில் அதை நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் நகராட்சி அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. பாதுகாப்புக்காகத்தான் என்றது. ஊருக்குள் நுழையவே முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகள் இரண்டு வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2023 தேர்தலில் நிர்வாகம் மாறியது. 2024 ஜனவரியில் வழி மறுபடி திறந்தது. ஒரு ஊர் யாருக்கு வசதி என்ற கேள்வி ஹோட்டல் அறையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இவ்வளவும் தெரிந்த பிறகு மகள் இணையத்தில் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மூன்று ஹோட்டல்களுக்குத் தொலைபேசியில் பேசினாள். கேட்டது ஐந்தே கேள்விகள்.

வாசலில் எத்தனை படி? லிப்ட் உண்டா, அது அறை இருக்கும் தளத்தின் மட்டத்திலேயே நிற்குமா? (பழைய கட்டடங்களில் லிப்டை விட்டு இறங்கிய பிறகும் நாலு படி இருப்பது சகஜம்.) குளியலறையில் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏறி நிற்க வேண்டுமா, தரையிலேயே நின்று குளிக்கலாமா? ஜன்னல் தெருவைப் பார்த்ததா, பின்பக்கமா? டாக்ஸி வாசல் வரை வருமா, எந்த நேரத்தில் வராது?

முதல் ஹோட்டலில் "எல்லாம் வசதிதான் மேடம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் லிப்ட் இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் போனை எடுத்த பெண் "ஒரு நிமிஷம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து, "வாசலில் இரண்டு படி, பக்கத்தில் சாய்தளம் இருக்கிறது. லிப்டிலிருந்து அறைக்குப் படியே இல்லை. இப்போதுதான் நடந்து பார்த்தேன்" என்றாள். அந்த அறையைப் பிடித்தார்கள்.

ஜன்னலில் மின்ஸ்டர் தெரியாது. கோட்டைச் சுவர் ஏறி நிற்கும் மண் மேடு மட்டும் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஏப்ரல் மாதமல்லவா, மேடு முழுக்க மஞ்சள் டாபோடில் பூக்கள். விளம்பரத்தில் இதைப் போட ஏன் தோன்றவில்லையோ!

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு கட்டில். தாயும் மகளும் போகும்போது இதைக் கவனிக்காவிட்டால் இரவெல்லாம் போர்வைச் சண்டைதான். காலைச் சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பல அறைகளில் ஏசி இருக்காது. ஜூனில் போகிறவர்களுக்குக் காலை நாலரைக்கே விடிந்துவிடும், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அதனால் தடித்த திரைச்சீலை இருக்கிறதா என்று கேட்பது ஒன்றும் ஆடம்பரமல்ல.

திங்கட்கிழமை காலை டாக்ஸியில் மின்ஸ்டருக்குப் போனார்கள். கோபுரத்துக்கு 275 படிகள். அதை இருவரும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டார்கள். கோட்டைச் சுவரின் மேல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம், அதுவும் இவர்களுக்கு இல்லை. அம்மா வந்ததே கிழக்கு ஜன்னலுக்காக. ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405இல் தொடங்கி 1408இல் முடித்த ஜன்னல் அது. உலகம் தோன்றியதும் உலகம் முடியப்போவதும் வண்ணக் கண்ணாடியில், ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு. சொன்ன நாளுக்குள் முடித்ததற்காக அவருக்குப் பத்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கழற்றி, துடைத்து, பழுது பார்த்து மறுபடி மாட்டும் வேலை நம் காலத்தில் 2018இல்தான் முடிந்தது. மூன்று வருஷத்தில் செய்ததைச் சரிபார்க்க அதைவிட அதிகக் காலம் ஆயிற்று.

முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியதாலும், அறையிலிருந்து அங்கே வரும்வரை முழங்காலுக்கு வேலை வைக்காததாலும், அம்மாவால் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒன்றே கால் மணி நேரம் இருக்க முடிந்தது. மேலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை மகள் "போலாமாம்மா?" என்றாள். "நாலாவது வரிசைலதான் இருக்கேன், இரு" என்று பதில் வந்தது.

வசதிக்காகச் செலவழித்த பணம் எங்கே போனது என்று கேட்டால், அந்த ஒன்றே கால் மணி நேரத்துக்குப் போனது. கூரைக்குக் கீழே இருந்த அறை அதே விலைக்குக் கோபுரத்தை ஜன்னலில் காட்டியிருக்கும். கோபுரத்துக்குக் கீழே போய் உட்காரும் தெம்பைத் தந்திருக்காது.