கால் ஊன ஒரு இஞ்ச்!

சென்னையில் பழைய உதிரி பாகம் வேண்டுமென்றால் கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை. புதுச் சாமான் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு. அண்ணா சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் ஹெல்மெட், சீட் கவர், கிராஷ் கார்டு எனக் கடை வாசல்களில் சரம் சரமாகத் தொங்கும்.

பக்கத்துச் சந்தில் உள்ள மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு ஹிமாலயன் 411 வருகிறது. ஓட்டி வந்த பெண்ணின் உயரம் ஐந்தடி. வண்டியின் சீட் உயரம் 800 மி.மீ., எடை ஏறக்குறைய 200 கிலோ. சிக்னலில் நின்றால் கால் நுனிதான் தரையைத் தொடும். அடுத்த மாதம் கொல்லிமலை போக ஆசை. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள்!

“அண்ணா, ரெண்டு இஞ்ச் இறக்கிக் குடுங்க.”

“இறக்கலாம்மா. முதல்ல ஏறி உட்காருங்க, எவ்ளோ அமுங்குதுன்னு பார்ப்போம்.”

புல்லட், கிளாசிக் போன்ற வண்டிகளில் பின்னால் இரண்டு ஷாக் இருக்கும். அவற்றைக் கழற்றிக் குட்டையானவற்றை மாட்டுவார்கள். ஸ்பிரிங் சரியாக அமையாவிட்டால் பள்ளத்தில் விழும்போது ‘டங்’கென்று அடி முதுகுக்கு வரும். இந்த ஹிமாலயனில் ஒற்றை ஷாக். அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தகடுகளை மாற்றினாலே பின்பக்கம் இறங்கிவிடும். இதைத்தான் லோயரிங் லிங்க் என்கிறார்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வினையே அங்குதான். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன் ஃபோர்க் குழாய்களையும் கிளாம்பில் அதே அளவுக்கு மேலே ஏற்றியாக வேண்டும். செயின் தளர்வையும் மறுபடி பார்க்க வேண்டும்.

தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி 220 மி.மீ. இரண்டு இஞ்ச் இறக்கினால் அதில் 50 போய்விடும். நம்மூர் வேகத்தடைகளின் உயரம் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். வளைவில் சாய்த்தாலும் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரையில் உரசும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வாரன்டிக்கும் சிக்கல் வரலாம்.

மெக்கானிக் கடைசியில் லிங்க்கில் ஒரு இஞ்ச்தான் இறக்குகிறார். இன்னொரு இஞ்சுக்கு சீட்டைக் கழற்றி, நாலு கடை தள்ளி இருக்கும் சீட் தைப்பவரிடம் அனுப்புகிறார். நடுவில் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கி, இரண்டு ஓரத்தையும் ஒடுக்கித் தைத்தாயிற்று. தொடை இடிக்காததால் கால் நேராக இறங்குகிறது. இப்போது இரண்டு முன்பாதமும் தரையில்.

பணத்தை எடுக்கப் போனவரை மெக்கானிக் தடுக்கிறார்.

“இருங்கம்மா. சைடு ஸ்டாண்டு போடுங்க.”

வண்டி இறங்கியதால் ஸ்டாண்டு நீளமாகி, பைக் நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒரு விரலால் தள்ளுகிறார். மறுபக்கம் சாயப் போகிறது. பிடித்துக்கொண்டே பையனைக் கூப்பிடுகிறார்.

“டேய், வெல்டிங்காரரை வரச் சொல்லு!”