வியாழக்கிழமை வருவதாகச் சொன்னவர்

1931, மே 14. அன்று வியாழக்கிழமை. நைரோபி கடைத்தெருவில் காரென் பிளிக்ஸனுக்கு எல்லாமே விநோதமாக இருந்தது. தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். ஆனால், யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கமாக நின்று நலம் விசாரிப்பவர்கள்கூட, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல விலகிப் போனார்கள். சிநேகிதி ஒருவரின் வீட்டில் மதிய விருந்து. அங்கேயும் அதே கதைதான். மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பேச்சு ஓடவில்லை.

ஊருக்கே தெரிந்திருந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. இழவுச் செய்தியை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்றுதான் அத்தனை பேரும் தயங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தச் சிநேகிதி அவரைத் தனியறைக்கு அழைத்துப் போனார். டெனிஸ் என்ற பெயரை எடுத்ததுமே காரெனுக்கு மீதி புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் கிளம்பியிருந்தார்.

'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாக இருக்கும். 1985-ல் வெளியாகி ஏழு ஆஸ்கர்களை வாங்கிய படம். மெரில் ஸ்ட்ரீப்தான் காரென், ராபர்ட் ரெட்ஃபோர்ட்தான் டெனிஸ். நிஜ டெனிஸுக்கு ரெட்ஃபோர்டின் தலைமுடி கிடையாது. இளம் வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்டதால், எப்போதும் தொப்பியோடுதான் இருப்பார். இங்கிலாந்தில் பிரபு குடும்பத்தின் இரண்டாவது மகன். ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். 24 வயதை ஒட்டி ஆப்பிரிக்காவுக்கு வந்தவருக்கு அந்த மண் பிடித்துப்போனது.

காரென் டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1914 ஜனவரியில் மொம்பாசா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய அன்றே அவருக்குக் கல்யாணம் நடந்தது. ங்கோங் மலையடிவாரத்தில் காப்பித் தோட்டம் போட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருந்தது அந்த நிலம். காப்பிக்கு அது கொஞ்சம் அதிகப்படியான உயரம். மழையும் சரியாக வாய்க்கவில்லை. கல்யாணமும் நிலைக்கவில்லை, 1925-ல் விவாகரத்து ஆனது. அதன்பிறகு கடனும் தோட்டமுமாக அவர் தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குத்தான் டெனிஸ் வருவார். எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பணக்கார வெளிநாட்டவர்களைக் காட்டுக்குள் வேட்டைக்கு அழைத்துப் போவதுதான் அவர் தொழில். பிற்காலத்தில் எட்டாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசரே 1928-ல் அவரை நம்பித்தான் காட்டுக்குள் போனார். ஒரு வேட்டைக்கும் அடுத்த வேட்டைக்கும் நடுவே கிடைக்கும் நாட்களில், காரெனின் தோட்டமே அவருக்கு வீடு. அவருடைய புத்தகங்களும் அங்கேதான் இருந்தன.

வெறுங்கையோடு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. ஐரோப்பா போய் வந்தால் புது இசைத்தட்டுகளும் நல்ல ஒயினும் கூடவே வரும். அந்தத் தோட்டத்து வீட்டில் பாடிய கிராமபோனே அவர் கொடுத்ததுதான். சாயங்கால வேளைகளில் காரெனுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கக் கவிஞர்களைப் படிக்க வைத்தார். இதற்கெல்லாம் பதிலாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கதை. உள்ளே நுழைந்ததும், புதிதாகக் கதை ஏதாவது இருக்கிறதா என்பார். அவர் இல்லாத நாட்களில் காரென் இரண்டு மூன்று கதைகளைக் கட்டித் தயாராக வைத்திருப்பார். கணப்புக்கு எதிரே மெத்தைகளைப் போட்டு டெனிஸ் சாய்ந்துகொள்ள, இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆயிரத்தொரு இரவுகளின் நாயகி மாதிரி கதை சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி நீண்டுகொண்டே போகும். காரென் பின்னாளில் உலகம் அறிந்த எழுத்தாளர் ஆனார். அப்போதோ அவருக்கு இருந்தது இந்த ஒரே ஒரு ரசிகர்தான். நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பது எத்தனை பெரிய கொடுப்பினை என்று, சொல்ல ஆளிருந்தும் கேட்க ஆளில்லாத வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வேட்டை என்றால் இன்று முகம் சுளிக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால், டெனிஸின் வேட்டைக்கும் சில தர்மங்கள் இருந்தன. மோட்டார் காரில் விரட்டிப் போய், காருக்குள் உட்கார்ந்தபடியே சிங்கங்களைச் சுட்டுத் தள்ளும் கூட்டம் அந்த நாளில் பெருகிக்கொண்டிருந்தது. அதைக் கண்டித்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார் டெனிஸ். கடைசி வருடங்களில் துப்பாக்கியைவிட கேமராவைத்தான் அவர் அதிகம் விரும்பினார்.

ஒருமுறை இரண்டு சிங்கங்கள் தோட்டத்துக்குள் புகுந்து மாடுகளை அடித்துவிட்டன. செத்த மாட்டில் விஷம் வைத்துவிடலாம் என்றார் தோட்ட மேலாளர். காரெனுக்கு மனசு ஒப்பவில்லை, அது சிங்கத்துக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று தோன்றியது. டெனிஸ் வந்தார். வாங்க, நம் உயிரைப் பணயம் வைத்துப் பார்ப்போம் என்கிற மாதிரி காரெனைக் கூப்பிட்டார். கும்மிருட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் நடந்தார்கள். டார்ச் அடிக்கும் வேலை காரெனுக்கு, சுடும் வேலை டெனிஸுக்கு. வெளிச்சம் முதல் சிங்கத்தின் மேல் விழுந்தது, குண்டு பாய்ந்தது. இரண்டாவது சிங்கத்தைத் தேடியபோது காரெனின் கை நடுங்கி, வெளிச்சம் இங்கும் அங்குமாக ஆடியது. அதுவும் விழுந்த பிறகு டெனிஸ் அந்த ஆட்டத்தைச் சொல்லிச் சிரித்தார். பயந்ததற்காகக் கோபிக்காமல் சிரிக்கத் தெரிந்த துணை.

பிறகு ஒரு விமானம் வாங்கினார். இரண்டு பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத 'ஜிப்ஸி மாத்'. அதில் காரெனை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலேயும் ஏரிகளுக்கு மேலேயும் பறந்தார். ஒருநாள் இறங்கியதும், கிக்குயு இனத்துப் பெரியவர் ஒருவர் வந்து, இன்றைக்கு ரொம்ப உயரம் போனீர்களே, கடவுளைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். இல்லை என்றார்கள். இன்னும் உயரம் போனால் பார்க்கலாமா என்றார். தெரியாது என்றார்கள். அப்படியானால் நீங்கள் எதற்காகத்தான் பறக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார் பெரியவர்.

இவ்வளவு கொடுத்தவர், தன்னை மட்டும் யாருக்கும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஓரிடத்தில் தங்குவது அவருக்கு ஆகாது. கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. வருவார், வீடு திருவிழாவாகும். போவார், வீடு வெறிச்சோடும். காரெனுக்கு அதில் வலி இருந்தது என்பது அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் தெரியும். புத்தகத்தில் அந்த வலியை அவர் எழுதவில்லை. நண்பர் என்றே எழுதினார்.

1931-ல் தோட்டம் கையை விட்டுப் போனது. மனை போட்டு விற்பதற்காக வாங்கியவர்கள், காரெனைக் கொஞ்ச நாள் தங்க அனுமதித்தார்கள். பொருட்கள் ஒவ்வொன்றாக விலை போய்க்கொண்டிருந்தன. டெனிஸ் நைரோபியில் வேறொரு நண்பர் வீட்டுக்கு மாறிவிட்டார், ஆனாலும் சாப்பாட்டுக்கு வருவார். காலியான வீட்டில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில்தான் மோதிரச் சண்டை வந்தது. அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியாவிலிருந்து, டெனிஸ் கொண்டுவந்த தங்க மோதிரம் அது. எந்த விரலுக்கும் வளைந்து கொடுக்கிற அளவுக்கு மெத்தென்ற தங்கம். அதை காரெனுக்குக் கொடுத்திருந்தார். காரெனிடம் ஒரு பழக்கம். டெனிஸ் எதைக் கொடுத்தாலும், கொஞ்ச நாளில் தோட்டத்து ஆட்களில் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். டெனிஸுக்கு இதில் பெரிய குறை. தோட்டத்தில் புரன் சிங் என்று ஓர் இந்தியக் கொல்லர் இருந்தார், பட்டறையில் நாள் முழுக்கச் சம்மட்டியும் கையுமாக நிற்பவர். இந்த மோதிரம் அவருக்குத்தான் போகப்போகிறது என்று டெனிஸ் சந்தேகப்பட்டார். புரன் சிங் ஊரை விட்டுப் போகும்வரை என்னிடமே இருக்கட்டும் என்று, காரெனின் விரலிலிருந்து கழற்றித் தன் விரலில் போட்டுக்கொண்டார்.

சில நாட்களில் கடற்கரைப் பக்கம் கிளம்பினார். அங்கே அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. வழியில் வோய் என்ற ஊருக்குப் பக்கத்தில் யானைக் கூட்டங்கள் இருக்கின்றனவா என்று வானத்திலிருந்து பார்க்க வேண்டும். நானும் வருகிறேன் என்றார் காரென். முதலில் சரி என்றவர், அப்புறம் மாற்றிக்கொண்டார். காட்டில் இறங்கிப் படுக்க வேண்டி வரலாம், உங்களுக்குச் சிரமம் என்றார். பெண் விமானியான பெரில் மார்க்கமும் இதே பயணத்தில் போக இருந்தவர்தான். அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த டாம் கேம்பெல் பிளாக் என்ன காரணத்தாலோ வேண்டாம் என்று தடுக்க, அவரும் நின்றுவிட்டார்.

காரில் ஏறியவர், ஒரு கவிதைப் புத்தகத்தை எடுக்கத் திரும்பி வந்தார். கிளம்பும் அவசரத்திலும் அதிலிருந்து சில வரிகளை வாசித்துக் காட்டினார். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

மொம்பாசாவில் இறங்கும்போது விமானத்தின் காற்றாடி சேதமானது. நைரோபிக்குத் தந்தி அடித்து வேறு காற்றாடி வரவழைத்து மாட்டினார்கள். பிறகு வோய்க்குப் பறந்து அங்கே இரவு தங்கினார். வியாழன் காலை மேலே கிளம்பிய விமானம் வட்டம் அடித்துவிட்டுத் தலைகுப்புற விழுந்து எரிந்தது. அப்போது டெனிஸுக்கு 44 வயது. கூடப் போன உதவியாளர் கமாவ் என்ற கிக்குயு இளைஞரும் அதிலேயே இறந்தார். டெனிஸைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் கமாவுக்குக் கிடைத்தவை ஒன்றிரண்டு வரிகளே. அவரும் யாரிடமோ வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்.

எங்கே அடக்கம் செய்வது என்பதில் காரெனுக்குக் குழப்பம் இல்லை. ஆப்பிரிக்காவில்தான் வாழ்ந்து சாகப்போகிறோம் என்று நம்பியிருந்த காலத்தில், ங்கோங் மலையின் ஒரு சரிவைத் தன் சமாதிக்காக அவர் பார்த்து வைத்திருந்தார். அதை டெனிஸிடம் காட்டியபோது, எனக்கும் அங்கேயே இடம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார் அவர். அப்புறம் மலைப்பக்கம் கார் போகும்போதெல்லாம், நம் சமாதி வரைக்கும் போய் வருவோம் என்பது அவர்களுக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஒருநாள் அந்தி வெளிச்சத்தில், அந்தச் சரிவிலிருந்து கென்யா சிகரமும் கிளிமஞ்சாரோவும் ஒன்றாகத் தெரிந்தன. டெனிஸ் புல்லில் படுத்து ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டே, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்றாராம்.

அடக்கத்தன்று காலை மழையும் மூடுபனியும். குழி வெட்டும் ஆட்களோடும், குஸ்தாவ் மோர் என்ற நார்வே நண்பரோடும் காரென் மலையேறினார். இடம் இதுதானா என்று புரியவில்லை. எட்டடி தள்ளி எதுவும் தெரியாத பனி. காத்திருந்தார்கள். பனி மெல்ல விலகி, கீழே சமவெளி விரிந்ததும், அங்கேயே வெட்டச் சொன்னார். வோயிலிருந்து ரயிலில் வந்த பெட்டியை மேலே கொண்டுவந்து இறக்கினார்கள். மோதிரம் டெனிஸின் விரலோடு மண்ணுக்குள் போனது.

வீட்டிலிருந்து பார்த்தால் சமாதி தெரிய வேண்டும் என்று காரென் ஆசைப்பட்டார். அவருடைய சோமாலிய உதவியாளர் ஃபாராவும் அவருமாகப் போய்ச் சில கழிகளை நட்டு, வெள்ளைத் துணி கட்டிவிட்டு வந்தார்கள். சில மைல் தூரத்தில், பச்சை மலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. வீட்டில் பாக்கியிருந்த கொஞ்ச நாட்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் கப்பலேறி டென்மார்க் போய்ச் சேர்ந்தார். பிறகு அவர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பவே இல்லை.

அங்கே இருந்தபோதுதான் குஸ்தாவ் மோரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டெனிஸின் சமாதிமேல் காலையிலும் மாலையிலும் ஒரு சிங்கமும் ஒரு பெண் சிங்கமும் வந்து வெகுநேரம் படுத்திருப்பதாக மசாய் மக்கள் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியே லாரி ஓட்டிப்போன நம் இந்தியர்கள் சிலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சரிவைச் செதுக்கிச் சமன் செய்திருந்ததால், கீழே மேயும் மந்தைகளை நோட்டம் விட அது வசதியான திண்ணையாகியிருக்கும். காரணம் அவ்வளவுதான் இருக்கலாம். காரெனுக்கும் அது தெரியும்.

1937-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அந்தச் சிங்கங்களுக்கும் இடம் கொடுத்தார். மனை போட்டு விற்ற தோட்டம் இன்று நைரோபியின் ஒரு பகுதி. அதன் பெயர் காரென். அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மலைமேல் டெனிஸின் சமாதியில், அவருடைய அண்ணன் எழுப்பிய தூண் நிற்கிறது. 1962-ல் காலமான காரெனின் சமாதி, டென்மார்க்கில் அவர் பிறந்த வீட்டுத் தோட்டத்தில், பெரிய பீச் மரத்தின் அடியில் இருக்கிறது. தனக்கென்று அவர் பார்த்து வைத்த இடத்தில்தான் டெனிஸ் இருக்கிறாரே.