கெக்வொர்த்: பின்சீட்டுக்குத் தெரிந்த விஷயம்

லண்டனிலிருந்து வடக்கே எம்1 நெடுஞ்சாலையில் காரில் போனால், 24-வது ஜங்ஷன் வருவதற்குச் சற்று முன்னால் இடதுபக்கம் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம். வலதுபக்கம் மரங்களுக்கு மேலே ஒரு தேவாலயக் கோபுரத்தின் ஊசிமுனை தெரியும். அதுதான் கெக்வொர்த். இரண்டுக்கும் நடுவே சாலையோரத்தில் புல் மண்டிய ஒரு மண்சரிவு. எழுபது மைல் வேகத்தில் போகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விமானத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் இந்த ஊரின் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள்.

லெஸ்டரில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர். அங்கிருந்து ஸ்கைலிங்க் பஸ் ஏறினால் லஃப்பரோ வழியாக கெக்வொர்த் வந்துவிடலாம். சோர் நதிக்கரையில் அடக்கமான கிராமம். செங்கல் வீடுகள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், கடைவீதி என்று சொல்லத்தக்க ஒரு சின்ன வீதி. அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் 1812-ல் கொஞ்ச காலம் இங்கே குடியிருந்திருக்கிறார். சுற்றுலாப் புத்தகத்தில் போடுவதற்கு அவ்வளவுதான் சரக்கு. தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கியபடி தாழப் பறந்து போகும். ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

1989 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 இரவு 7.52-க்குக் கிளம்பியது. 118 பயணிகள், 8 ஊழியர்கள். சில மாதங்களே ஆன புத்தம்புது விமானம். 8.05-க்கு, 28,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது இடது இன்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. பெரிய சத்தம், விமானம் முழுக்க நடுக்கம், ஏதோ கருகுகிற வாசனை, புகை.

பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். இடது இன்ஜினிலிருந்து தீப்பொறி பறந்தது. பயணிகள் மட்டுமில்லை, கேபின் ஊழியர்களில் மூன்று பேரும் பார்த்தார்கள்.

பைலட்டுகளால் இதைப் பார்க்க முடியாது. காக்பிட்டில் உட்கார்ந்தால் இன்ஜின்கள் கண்ணுக்குத் தெரியாது. கருவிகள் சொல்வதுதான் வேதம். எந்த இன்ஜின் என்று கேப்டன் கேட்டார். துணை பைலட் ‘இடது’ என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கி, ‘வலது’ என்று முடித்தார். அந்த அரை வார்த்தை கருப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. கேப்டனுக்கும் வலதுதான் என்று பட்டது. புகை பயணிகள் பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே போகும் காற்று பெரும்பாலும் வலது இன்ஜினிலிருந்து வருவது, ஆகவே கோளாறு வலதில். இது அவர் பழகிய பழைய மாடலின் கணக்கு. புது மாடலுக்கு அது பொருந்தவில்லை. 13,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர்தான். ஆனால் 737-400-ல் அவர் பறந்தது 23 மணிநேரம். அதற்கென்று தனி சிமுலேட்டர் பயிற்சியும் கிடையாது.

அதிர்வைக் காட்டும் கருவி உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இடது இன்ஜினின் முள் உச்சத்தில் நின்றது. ஆனால் புது மாடலில் அந்த முள் பொடிசு. வட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய விமானங்களில் அதிர்வுக் கருவியை நம்ப முடியாது என்பதால் யாரும் அதை மதித்ததும் இல்லை.

வலது இன்ஜினின் வேகத்தைக் குறைத்தார்கள். உடனே நடுக்கம் குறைந்தது, வாசனையும் மங்கியது. இந்த இடம்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உண்மையில் நடந்தது வேறு. அதைக் குறைக்கும்போது தானியங்கி வேகக் கட்டுப்பாடு விலகியதால், அடிபட்ட இடது இன்ஜினுக்குப் போகும் எரிபொருளும் குறைந்தது. அதனால் அது கொஞ்சம் அடங்கியது. செய்தது சரி என்று இருவரும் நம்புவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நல்ல இன்ஜினை முழுவதுமாக அணைத்தார்கள்.

பிறகு கேப்டன் பயணிகளிடம் மைக்கில் பேசினார். வலது இன்ஜினில் கோளாறு, அதனால்தான் புகை வந்தது, அதை அணைத்துவிட்டோம், பத்து நிமிடத்தில் ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் இறங்கிவிடுவோம் என்றார். நிதானமான குரல்.

இடது பக்கம் நெருப்பைப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். வலதா? நாம் பார்த்தது இடது ஆயிற்றே? கேப்டனுக்குத் தெரியாதா என்ன என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். ஊழியர்களிடம் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஊழியர்களோ இறங்குவதற்குள் சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்குகிற அவசரத்தில் இருந்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு ‘வலது’ என்ற சொல் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. தலைமை ஊழியர் காக்பிட்டுக்குப் போய்ப் பேசினார். கேபினில் புகை வந்ததா என்று கேப்டன் கேட்டார். வந்தது என்று பதில் சொன்னார். பயணிகள் ரொம்பப் பயந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எந்தப் பக்கம் நெருப்பு என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. இன்றைக்கு இருப்பது போன்ற குண்டு துளைக்காத கதவுகூட அப்போது நடுவில் கிடையாது.

நம்மூர் டவுன் பஸ்ஸில் இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். பின்படிக்கட்டில் ஒருவர் கால் தவறினால் போதும், கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் முப்பது பேர் ‘டிரைவர், நிறுத்துங்க!’ என்று கத்துவார்கள். டிரைவரும் திட்டிக்கொண்டே நிறுத்துவார். அதே முப்பது பேரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். வலி இடது காலில் இருக்க, டாக்டர் வலது காலைத் தட்டிப் பார்த்தாலும் ஒரு கணம் தயங்குவோம். சீருடைக்கும் நிதானமான குரலுக்கும் அப்படியொரு பலம் உண்டு.

வானத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. நடந்ததைத் திரும்ப ஒருமுறை அலசிப் பார்க்கலாம் என்று கேப்டன் பேச்சை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அலுவலகத்தோடு பேச வேண்டும், இறங்குவதற்கான பட்டியலைப் படிக்க வேண்டும். துணை பைலட் கணினியில் புது விமான நிலையத்தைப் பதிய மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விட்ட பேச்சு திரும்பத் தொடங்கவில்லை.

ஓடுபாதைக்கு நாலரை கிலோமீட்டர் இருக்கும்போது, 900 அடி உயரத்தில், இடது இன்ஜின் நின்றது. அணைத்த வலது இன்ஜினை மறுபடி கிளப்பப் பார்த்தார்கள், நேரமில்லை. கேப்டன் மூக்கைத் தூக்கிப் பிடித்து, கெக்வொர்த் வீடுகளின் மேல் விழாமல் விமானத்தைத் தாண்ட வைத்தார். 8.24-க்கு நெடுஞ்சாலைக்குக் கிழக்கே வயலில் வால் தட்டி, எழும்பி, எம்1-ஐக் கடந்து, எதிர்ச்சரிவில் மோதி மூன்று துண்டானது. ஓடுபாதை இன்னும் அரை கிலோமீட்டர் தூரம்தான். எப்போதும் வண்டிகள் ஓடுகிற அந்தச் சாலையில் அந்த இடத்தில் அப்போது ஒரு வண்டியும் இல்லை. 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 79 பேர். அவர்களில் பெரும்பாலானோர் படுகாயம். நாட்டிங்ஹாம், டெர்பி, லெஸ்டர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆம்புலன்ஸ்கள் ஓடின.

விசாரணை அறிக்கை 1990-ல் வந்தது. பைலட்டுகள் அவசரப்பட்டுத் தவறான இன்ஜினை அணைத்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதியது. நெருப்பைப் பார்த்த ஊழியர்களில் ஒருவர் முன்வந்து சொல்லியிருந்தாலும் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றது. அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதையும் அது புரிந்துகொண்டது. பைலட்டுகள் வேலையில் மூழ்கியிருக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பைலட்டுகளும் கேபின் ஊழியர்களும் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று.

பைலட்டுகள் இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பிறகு கம்பெனி இருவரையும் வேலையைவிட்டு நீக்கியது. அதில் எனக்கு உடன்பாடில்லை. புது விமானத்தைச் சரியாகச் சொல்லித்தராமல் ஓட்டக் கொடுத்தவர்களை யார் நீக்குவது?

இதே மாடல் இன்ஜின் அந்த ஜூன் மாதமே வேறு இரண்டு விமானங்களில் அதே மாதிரி முறிந்தது. இரண்டும் பத்திரமாக இறங்கின. விசிறித் தகட்டின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று அப்புறம்தான் உறுதியானது. சீட் பாக்கெட்டில் இருக்கும் அட்டையில், தலையைக் குனிந்து காலைப் பின்னால் இழுத்து உட்காரச் சொல்லும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த விபத்தின் காயங்களை வைத்து நாட்டிங்ஹாம் டாக்டர்கள் செய்த ஆராய்ச்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கெக்வொர்த் கல்லறைத் தோட்டத்தில் நினைவிடம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்திலிருந்து மண் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கு, காயம்பட்டவர்களுக்கு, மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கு என்று மூன்று தரப்பையும் குறிப்பிட்டு அர்ப்பணித்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சாயங்காலம் போனால் சீக்கிரம் இருட்டிவிடும், குளிருக்கு ஒரு கோட் எடுத்துப் போங்கள். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பெரிய சரக்கு விமான நிலையம் என்பதால், இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் ஊருக்கு மேலே இறங்கிக்கொண்டே இருக்கும்.