சந்தை வாசல் அண்ணைக்கு ஒரு மடல்



போன வைகாசியில் அறுந்த சலங்கைப் பட்டி ஒன்றைத் தைக்க உங்களிடம் வந்தவன் நான். அது அப்புவின் சவாரி மாடு கட்டினது. 2008 கடைசியில் போரால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது மாடுகளை அவிழ்த்துவிட்டோம். பட்டியை மட்டும் அம்மா உரப்பைக்குள் போட்டுக்கொண்டா. விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் என்று எங்களோடு அதுவும் இடம்பெயர்ந்தது.

மிசினில் ஓட்டினால் போதாதா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு, சாக்கின் மேல் சாமான்களைப் பரப்பினீர்கள். சைக்கிள் கம்பியில் செய்த கொக்கி ஊசி, தோல் சீவுகிற கத்தி, ஓட்டை போடுகிற உளி, தையலுக்கு இடைவெளி குறிக்க ஒரு முள்ளுக்கரண்டி! சிரித்துவிட்டேன். சேணம் தைப்பவர்கள் இதற்கென்றே பல் வைத்த உளி வைத்திருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

குத்தூசியின் முனையை என் பெருவிரலில் வைத்துக் காட்டினீர்கள். வட்டமில்லை, சாய்சதுரம். அப்படிக் குத்தினால்தான் தோல் திரும்பச் சேர்ந்து நூலை இறுக்கும் என்றீர்கள். தேன்மெழுகில் இழுத்த ஒரே நூல், இரண்டு நுனியிலும் ஊசி. ஒரே ஓட்டைக்குள் அந்தப் பக்கமிருந்து ஒன்று, இந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றப் பக்கத்து நூல் பிடித்துக்கொண்டு நிற்கும். மிசின் தையல் ஒன்று விட்டால், மாடு இழுக்கிற இழுவையில் வரிசையாகக் கழன்றுவிடும். பாரிஸில் 1837இல் குதிரை வார்ப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மேஸ், விலை கூடிய தோல் பைகளை இன்றைக்கும் இதே தையலில்தான் தைக்கிறது. அந்தப் பைகளின் விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அப்புவின் காலத்தில் இந்தப் பட்டியைத் தைத்துக் கொடுத்தவருக்கு எங்கள் முற்றத்தில் சிரட்டையில்தான் தேத்தண்ணி. வீட்டுக்குள் மூக்குப்பேணி வரிசையாக இருந்தது. அவர் உங்களுக்கு என்ன முறையோ, நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நீங்கள் எனக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ எடுத்துத் தந்தீர்கள்.

பட்டி இப்போது சுவரில் தொங்குகிறது. மகள் போகவர அதைத் தட்டிச் சலங்கையை ஒலிக்க வைக்கிறாள்.

உங்கள் குத்தூசிப் பிடி வெடித்திருந்ததைக் கண்டேன். முதிரைத் துண்டு ஒன்றைக் கடைந்து வைத்திருக்கிறேன். வாற வெள்ளி கொண்டுவருவேன். கைக்குப் பொருந்தாவிட்டால் நீங்களே கொஞ்சம் சீவிக்கொள்ளுங்கோ.

அன்புடன்,
பட்டிக்காரன்