கதவில் தெரிந்த பெயர்



நம் ஆலய வளாகத்தின் மூன்று அறைகளுக்கும் வெளியே, கதவின் ஓரமாகச் சிறு பலகைகள் மாட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே இப்போது என்ன கூட்டம், அடுத்தது எத்தனை மணிக்கு என்று அவை காட்டுகின்றன. நன்றாயிருக்கிறது என்று பலர் சொன்னீர்கள். காணிக்கைப் பணத்தில் இதுவும் வேண்டுமா என்று ஓரிருவர் கேட்டீர்கள். அந்தப் பலகைகளைப் பற்றியும், அவற்றில் ஒன்றின் வழியாக நான் செய்த பிழையைப் பற்றியும் இந்த வாரம் எழுதுகிறேன். என் பிழையால் காயப்பட்டவரின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன். அவர் யாரென்று காட்டக்கூடிய எதையும் இங்கே வைக்கவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

இது தொடங்கியது கடந்த ஆண்டு லெந்து நாட்களில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தகப்பனை இழந்த ஒரு குடும்பத்தார் நினைவு ஜெபத்திற்காகப் பெரிய அறைக்கு வந்தனர். உள்ளே வாலிபர் பாடகர் குழு டிரம்ஸ் வாசித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. குடும்பத்தார் என்னிடம் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். வாலிபர்கள் செயலாளரிடம் கேட்டிருந்தார்கள். வெஸ்ட்ரியில் இருக்கும் நீல நோட்டில் எவரும் எழுதவில்லை. இறந்தவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி தாழ்வாரத்தில் காத்திருந்தார். அந்தக் காட்சிக்குப் பிறகுதான், எல்லாருக்கும் பொதுவாக ஒரே நாட்காட்டி வேண்டும், அது கதவிலேயே தெரிய வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன்.

நம் சபையில் கணினித்துறையில் பணிபுரியும் தம்பி ஒருவர் எளிய வழியொன்றைக் காட்டினார். இணையத்தில் கிடைக்கும் இலவச நாட்காட்டி ஒன்றில் எழுதுவது, பழைய டேப்லட் ஒன்றைச் சுவரில் மாட்டுவது. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றார். நான்தான் மறுத்தேன். இரண்டாம் அறையில் நான் ஆலோசனைக்காக உங்களைச் சந்திக்கிறேன். இன்னார் இன்ன நாளில் போதகரைக் காண வந்தார் என்பதே ஒரு இரகசியம். இறையியல் கல்லூரியில் மேய்ப்புப்பணி ஆலோசனை வகுப்பில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது அதுவே. அந்தக் குறிப்பு எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடப்பதை என் மனம் ஏற்கவில்லை. சர்வர் நம் வளாகத்திற்குள் இருக்கட்டும் என்றேன். என் வைராக்கியத்தில் சற்றுப் பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வெஸ்ட்ரி அலமாரியின் மேல்தட்டில், திருவிருந்துப் பாத்திரப் பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி இருக்கிறது. அதில் ராடிக்கேல் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அதுவே நம் நாட்காட்டி சர்வர். கால்டாவ் என்னும் பொது நெறிமுறையில் அது பேசுவதால், செயலாளர், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, நான் ஆகிய மூவரும் எங்கள் கைபேசியின் வழக்கமான நாட்காட்டியிலேயே எழுதலாம். மற்ற இருவருக்கும் அது போய்ச் சேரும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு சிறு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. திறந்து பார்த்தால் சாதாரண எழுத்து: தொடக்கம், முடிவு, தலைப்பு. மறைபொருள் ஒன்றுமில்லை.

கதவுப் பலகைகள் புத்தகம் வாசிக்கும் கிண்டில் கருவியில் உள்ளதைப் போன்ற இ-இங்க் திரைகள். கண் கூசாது, இரவில் ஒளிராது. பலகை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, சர்வர் வரைந்து வைத்திருக்கும் படத்தை வாங்கிக் காட்டிவிட்டு மறுபடியும் உறங்கிவிடும். எழுத்து மாறும் நேரத்தில் மட்டுமே அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும். மாறியபின் கம்பியைப் பிடுங்கினாலும் எழுத்து அப்படியே நிற்கும். இதைத் தம்பி வியந்து சொன்னபோது நானும் வியந்தேன். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள்.

முதல் மாதம் நகைப்புக்குரியதாகவே கழிந்தது. நாட்காட்டிக் கோப்புகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதுண்டு. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. எங்கள் நிரல் அதைக் கூட்ட மறந்தது. மாலை 6 மணிக் கூட்டம் பகல் 12:30 என்று கதவில் தெரிந்தது. மூதாட்டி ஒருவர் உச்சி வெயிலில் குடையோடு வந்து, "பலகையில அப்படித்தானே போட்டிருக்கு ஐயா" என்றார். போதகர் இல்லத்தில் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணிவரை என் மனைவிக்கு அந்தக்காலக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை சனி இரவு மின்சாரம் போயிற்று. நம்மிடமுள்ள ராஸ்பெரி பைக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் இணையத்தில் நேரம் கேட்டுக்கொள்ளும். மறுநாள் காலையில் மின்சாரம் வந்தது, இணையம் வரவில்லை. ஆகவே அது விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. ஞாயிறு ஆராதனைக்கு நீங்கள் வந்துகொண்டிருந்தபோது பலகைகள் சனி இரவிலேயே இருந்தன. பொத்தான் அளவு பேட்டரியுள்ள கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினோம். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் பலகையின் மூலையில் சிறிதாக அச்சிடச் செய்தோம். அந்தச் சிறிய எண்களைப் பாராமல் பலகையை நம்பாதீர்கள்.

இனி என் பிழை.

ஒருவர் என்னைச் சந்திக்க வேண்டுமென்று கேட்டார். நான் பேருந்தில் இருந்தேன். சனி மாலை 5 மணி என்று சொல்லி, கைபேசியில் இரண்டாம் அறையின் நாட்காட்டியைத் திறந்து, தலைப்பில் அவர் பெயரையும், அவர் எதைப் பற்றிப் பேச வருகிறார் என்பதை இரண்டே சொற்களிலும் எழுதினேன். முப்பது ஆண்டுகளாக என் சட்டைப்பை டைரியில் எழுதிவந்த பழக்கம். தலைப்பில் எழுதுவது எதுவோ அதுவே கதவில் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மருத்துவமனையில் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். தாழ்வாரத்து பெஞ்சில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் நால்வர் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் அறைக் கதவின் முன்னால் அவர் நின்று, தம் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்.

கைபேசியை எடுத்து அந்தக் குறிப்பை அழித்தேன். பலகை மாறவில்லை, அது விழிக்க நேரமாகவில்லை. கம்பியைப் பிடுங்கினேன். எழுத்து அப்படியே நின்றது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையின்மேல் போட்டேன். அவர் என்னைப் பார்த்து, "விடுங்க ஐயா, எல்லாரும் வாசிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

மூன்று வாரம் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது கதவு திறக்கப்படவில்லை. இரண்டாம் முறை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சர்வரை நம் வளாகத்தில் வைப்பதற்காக எவ்வளவு பாடுபட்டேன் என்பதையும் சொன்னேன்; ஏன் சொன்னேனோ தெரியவில்லை, என்னை நியாயப்படுத்தத்தான் இருக்கும். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார்: "அமெரிக்காவுல எவனோ ஒருத்தன் என் பேரைப் பாத்தா எனக்கு என்ன ஐயா? என் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் பாத்துட்டாங்களே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. தூரத்திலுள்ளவர்கள் வாசித்துவிடாதபடி நான் மதில் எழுப்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு அச்சம் அருகிலுள்ளவர்களைப் பற்றியே இருந்தது. நம்மைப்போல் ஒருவரையொருவர் மூன்று தலைமுறையாக அறிந்த சபையில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். இதை என்னைக் காட்டிலும் அறிந்திருக்க வேண்டியவர் யார்?

வீடு திரும்பியபின் நாட்காட்டிக் கோப்புகளின் பொது விதியைத் தேடி வாசித்தேன். ஒரு குறிப்பு பொதுவானதா, தனிப்பட்டதா, இரகசியமானதா என்று குறியிட 1998-இலேயே அதில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசிக்கும் நிரல் அந்தக் குறியை மதித்தால்தான் பயன். எங்கள் நிரல் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு வெஸ்ட்ரிக்குப் போய்ப் பழைய நீல நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். இருபது ஆண்டுகளாக நம் ஆலயப் பணியாளர் அண்ணன் எழுதியவை. பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு, கமிட்டி எல்லாம் விவரமாக இருக்கின்றன. இரண்டாம் அறைக்கு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வாசகம்: "ஆள் உண்டு." எனக்கு முன்னிருந்த போதகர்களின் காலத்திலும் அதேதான். யார் இப்படி எழுதச் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டேன். "யாரும் சொல்லல ஐயா. ரூம் காலியா இல்லையான்னுதானே கேக்காங்க. பேரு எதுக்கு?" என்றார். இந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் ஐந்து கூட்டங்கள் கூடினோம். அந்த நோட்டை எழுதியவரை ஒன்றுக்கும் அழைக்கவில்லை.

இப்போது சிலவற்றை மாற்றியிருக்கிறோம். பலகைக்குப் படம் வரையும் நிரலிடம் ஒரு பட்டியல் இருக்கிறது; அதிலுள்ள கூட்டப் பெயர்களை மட்டுமே அது எழுதும். வேறு எதைக் கண்டாலும் "ஆள் உண்டு" என்று எழுதும். ஆகவே நான் மறுபடியும் மறந்தாலும் கதவு சொல்லாது. ஆலோசனைக்கு வருகிறவர்களின் பெயர் சர்வரில் எந்த வடிவிலும் இல்லை. என் காகித டைரிக்கே திரும்பிவிட்டேன். வாரந்தோறும் பென்டிரைவில் எடுத்துவைக்கும் பிரதியில் அவருடைய பெயர் இன்னும் கிடந்தது. நானே உட்கார்ந்து அழித்தேன். அழித்துவிட்டோம் என்று எண்ணும் ஒன்று எத்தனை இடங்களில் மிஞ்சுகிறது என்பதை அந்த இரவில் கண்டேன். புதிய நிரலை அண்ணனிடம் காட்டிய பின்பே ஓடவிட்டோம். எழுத்து சிறிதாயிருக்கிறது என்று சொன்னார், பெரிதாக்கினோம்.

அன்று பெஞ்சில் இருந்த நால்வரும் தனித்தனியே என்னிடம் வந்து, தாங்கள் எவரிடமும் சொல்லவில்லை என்றார்கள். நான் நம்புகிறேன்.

அவர் இப்போது ஆராதனைக்கு வருகிறார். இரண்டாம் அறைக்கு இன்னும் வரவில்லை. மாதத்தில் இரண்டு முறை, இருட்டிய பிறகு, போதகர் இல்லத்தின் பின்கட்டில் கிணற்றடிப் படியில் அமர்ந்து பேசுகிறோம். அங்கே பலகை இல்லை.

உங்கள் போதகர்